ஓரத்தையல் இல்லாத சத்தம்

எங்கள் வீட்டில் யாராவது திடுக்கிட்டு எழுந்தால், ஏதோ சத்தம் கேட்டுவிட்டது என்று நினைக்கக் கூடாது. சத்தம் நின்றுவிட்டது என்று அர்த்தம். எங்கள் ஊர் மண்ணரையில், வீட்டுக்குக் கீழே பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின், மேலே நாங்கள். மிஷின் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். துணி குழாய் மாதிரி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த ஓசை சுவர் ஏறி, தரைக்கு வந்து, பாய் வழியாக முதுகில் நுழைந்து, அங்கிருந்து கனவுக்குள் போய்விடும். நான் கடலைக் கனவில் கண்டால் அந்தக் கடலும் நிட்டிங் ஓட்டிக்கொண்டுதான் இருக்கும். மத்தியான வெயிலில் ஜன்னலோரம் பஞ்சுத்தூசு மிதக்கும். அதைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடினால், மூடிய கண்ணுக்குள்ளும் அது மிதக்கும்.

நூல் அறுந்தால் மிஷின் தானாக நின்றுவிடும். ஒரு சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கைப் பார்க்காமலே, மேலே படுத்திருக்கும் அத்தை எழுந்துவிடுவாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மிஷின் ஓட்டுகிறவர் கண்ணசந்தாலும் அத்தை அசர மாட்டாள். படி இறங்கி, அறுந்த முனையைத் தேடி முடிச்சுப் போட்டு, மிஷினை ஓடவிட்டு மேலே வந்து படுப்பாள். விட்ட இடத்திலிருந்து கனவு தொடரும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். “அவளுக்குக் காது பாதத்துல இருக்குது” என்பார் அப்பா. பெருமையாகத்தான் சொல்வார்.

அந்த அத்தையை மடத்துக்குளத்தில் கட்டிக்கொடுத்தார்கள். தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. பக்கத்தில் வாய்க்கால். மாமா நல்ல மாதிரி. அதிர்ந்து பேசினால் இளநீர் உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர் போலப் பேசுவார். இரைச்சலில் வளர்ந்த பெண்ணுக்கு இப்படி ஓர் அமைதி கிடைத்ததே என்று எங்கள் சொந்தபந்தம் எல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தது.

முதல் பிரசவத்துக்கு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. விட்டத்தில் சேலைத் தொட்டில் கட்டினார்கள். ஆட்டுவதற்கு ஆளே தேவைப்படவில்லை. கீழே மிஷின் ஓட, மேலே தொட்டில் லேசாகத் தானே நடுங்கும். பாப்பா தூங்கும், பக்கத்தில் அத்தை தூங்குவாள்.

பிறகு நல்ல நாள் பார்த்துத் தாயையும் பிள்ளையையும் மடத்துக்குளத்தில் கொண்டுபோய் விட்டு வந்தார்கள். மாதம் திரும்புவதற்குள் அத்தை திரும்பி வந்துவிட்டாள். பாப்பா அங்கே தூங்குவதில்லையாம். எங்கள் வீட்டுப் படி ஏறியதும் பாப்பா தூங்கியது. அத்தை அதற்கு முன்னாலேயே தூங்கிவிட்டாள், கட்டி வந்த பட்டுச்சேலையை மாற்றாமல், வளையலைக் கழற்றாமல், தரையில் கன்னத்தை வைத்து. விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்தாள். பாவம், குழந்தை படுத்தியிருக்கிறது என்று எல்லோரும் பாப்பாவைப் பார்த்துக் கன்னத்தில் தட்டினோம்.

மந்திரித்தார்கள். வசம்பு உரைத்துக் கொடுத்தார்கள். மறுபடி போனாள், மறுபடி வந்தாள். அத்தையின் மாமியார் போனில் பேசினார். எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற வார்த்தையில் ‘ங்க’ கூடும்.

“கொழந்தைக்கு அங்கதானுங்க ஒத்துக்குதுன்னா அங்கயே இருக்கட்டுங்க. நாங்க என்னுங்க சொல்றதுங்க.”

அப்பா போனை, சூடான தோசைக்கல்லை வைப்பது போல வைத்தார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று அம்மாவிடம் சொன்னார். இன்னொரு தடவை அத்தை பையோடு வந்து இறங்கினால் ஊர் குழந்தையைப் பற்றிப் பேசாது, அத்தையையும் மாமாவையும் பற்றிப் பேசும். அது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. வந்தால் நல்லதுதானே, பாப்பாவோடு விளையாடலாமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா மட்டும் இந்தக் களேபரத்தில் சேராமல் இருந்தார். எம்ப்ராய்டரி கம்பெனியில் கம்ப்யூட்டரில் பூப்போடுகிற வேலை அவருக்கு. அதிகம் பேச மாட்டார். பேசினால் கேள்வியாகத்தான் வரும். அன்று அத்தையிடம் ஒன்று கேட்டார்.

“பாப்பா அழுது நீ முழிக்கறயா, நீ முழிச்சுப் பாப்பா அழுகுதா?”

அத்தை தொட்டில் சேலையை இழுத்துச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்த சேலை அது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அங்க எந்நேரமும் நூலறுந்த மாதிரியே இருக்குதுங்ணா.”

விதை முந்தியா மரம் முந்தியா என்பது போல இதுவும் ஒரு விடுகதை என்று நினைத்து நான் விடையை யோசித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா யோசிக்கவில்லை. எழுந்து போய் ஒரு மைக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

மிஷின் ஓசையைப் பதிவு செய்து, மிஷின் ஒரு சுற்றுத் தொடங்கும் இடத்தில் முனை சேருமாறு கத்தரித்து, திரும்பத் திரும்ப ஓடும்படி ஒரு சின்ன பாட்டுப் பெட்டியில் போட்டார். கூட வேலை செய்கிறவரிடம் இரவல் வாங்கிய பெட்டி அது, எம்பி த்ரீ மட்டும் பாடுவது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் மிஷினுக்கு ஓய்வு. அன்று எங்கள் வீட்டில் யாரும் தூங்குவதில்லை. கறிச்சோறு தின்றுவிட்டுப் பேசியே பொழுதைப் போக்குவார்கள். அந்த மௌனத்தில் பெட்டியை ஓடவிட்டு, அத்தையைப் பாப்பாவோடு படுக்கச் சொன்னார் சித்தப்பா. நானும் அவரும் கதவோரம் உட்கார்ந்து பார்த்தோம்.

பாப்பா தூங்கியது. அத்தையும் கண் மூடினாள். பதிவு ஒரு முறை முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் ஓர் இமைப்பொழுது சத்தம் அற்றது. எனக்குக் கேட்கவே இல்லை. பாப்பா அசையவில்லை. அத்தை கண்ணைத் திறந்தாள். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அப்படியே. பெற்றவள் அல்லவா, பாப்பாவுக்காக எவ்வளவு உன்னிப்பாகக் கவனிக்கிறாள் என்று நான் வியந்தேன்.

சித்தப்பா தலையைச் சொறிந்தார். எம்பி த்ரீயில் தொடக்கத்திலும் முடிவிலும் துளி வெறுமை ஒட்டிக்கொண்டுவிடுகிறது என்றார். எனக்குப் புரியட்டும் என்று தன் பனியனைத் தூக்கிக் காட்டினார். வெட்டித் தைத்த பனியனில் பக்கத்தில் தையல் ஓடும், அது உறுத்தும். குழாய்த் துணியில் போட்ட பனியனுக்கு ஓரத்தையலே கிடையாது. நமக்கு வேண்டியது ஓரத்தையல் இல்லாத சத்தம். அதற்கு ஓஜிஜி என்று ஒரு பதிவு வகை இருக்கிறது, என் கம்ப்யூட்டரில் எல்லாப் பாட்டையும் அதில்தான் வைத்திருக்கிறேன் என்றார். எம்பி த்ரீக்கு எங்கோ ஒரு சொந்தக்காரன் உண்டாம். அதற்குப் பெட்டி செய்கிறவர்கள் அவனுக்கு வாடகை கட்ட வேண்டுமாம். “ஓஜிஜி அப்படியில்ல கண்ணு. கோயில் வேம்பு நெழலு மாதிரி. யாரு வேணா உக்காரலாம், யாரும் டிக்கெட் போட முடியாது.”

வேப்பமர நிழல் ஒரு பெட்டிக்குள் மடிந்து கிடப்பதாக நான் வெகு நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பாட்டுப் பெட்டி விற்கிற ஒரு மாடிக் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரப் பாய் கண்ணாடிப் பெட்டியைத் திறந்ததும் என் மூச்சே நின்றது. பச்சையில் ஒன்று, கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று, படம் ஓடுகிற ஒன்று, பாம்பு விளையாட்டு உள்ள ஒன்று. எனக்கு ஒரு கணக்கு இருந்தது. பாப்பா எத்தனை நாளைக்குப் பாப்பாவாக இருக்கும்? அது வளர்ந்துவிட்டால் பெட்டி எனக்குத்தானே? ஆகவே பச்சை நிறம் குழந்தைகளின் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று சித்தப்பாவிடம் எடுத்துச் சொன்னேன்.

அவர் நிறத்தையே பார்க்கவில்லை. ஓஜிஜியாக மாற்றிக் கொண்டுவந்த பதிவை ஒவ்வொரு பெட்டியிலும் ஏற்றிக் கேட்டார். பச்சைக்கு ஓஜிஜி என்றால் என்னவென்றே தெரியவில்லை. கத்தரிப்பூப் பெட்டி பாடியது, ஆனால் திரும்பும் இடத்தில் தடுக்கியது. படம் காட்டும் பெட்டி எல்லாம் தெரியும் என்று அட்டையில் எழுதியிருந்ததே தவிர, வாயைத் திறக்கவில்லை. பாய் பொறுமையாக அடுத்தடுத்து எடுத்துத் தந்தார். நடுவில் தானும் இயர்போனை வாங்கிக் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பாட்டு வரும் வரும் என்று காத்திருந்தார் போல.

“ஏனுங்க தம்பி, எங்க ஊட்டுக்குப் பின்னாடியும் இதேதானுங்க ஓடுது. அது நின்னாப் போதும்னு நான் அல்லாகிட்டக் கேட்டுட்டிருக்கறன். நீங்க காசு குடுத்து வாங்கறீங்க.”

“நின்னாத் தெரியுமுங்க பாய்” என்றார் சித்தப்பா.

பாய் சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஸ்டூல் போட்டு ஏறி மேல்தட்டிலிருந்து யாரும் கேட்காமல் கிடந்த ஒன்றை எடுத்துத் தூசு தட்டினார். சாம்பல் நிறம். குளித்துத் தேய்ந்த சோப்புக்கட்டி போல இருந்தது. பென்சில் பேட்டரி போட வேண்டும். அதில் ஏற்றிக் கேட்டபோது சித்தப்பாவின் முகம் மாறியது. என் காதிலும் வைத்தார். கடை மறைந்து எங்கள் வீடு வந்துவிட்டது. முதுகுக்குக் கீழே தரை நடுங்குவது போலிருந்தது. முடிவும் இல்லை, தொடக்கமும் இல்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. நின்றுகொண்டே நான் கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. பாய் தோளைத் தட்டித்தான் இயர்போனை வாங்கினார்.

குழந்தைக்கு என்றால் ஸ்பீக்கர் வைத்ததாக எடுங்களேன் என்று பாய் நியாயமாகத்தான் சொன்னார். நீங்கள் சொல்வது சரிதான் என்று சித்தப்பாவும் ஒத்துக்கொண்டு ஒரு குட்டி ஸ்பீக்கரையும் வாங்கினார். ஆனால் அதற்கு அப்புறமும் இயர்போன்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். பஞ்சு வைத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தன் காதில் மாட்டி, மேஜையில் தலையைச் சாய்த்தும் பார்த்தார். பாப்பாவுக்கு எதற்கு இது என்று கேட்டேன். படுத்தால் உறுத்தக் கூடாது பார் என்றார். அதைத் தொட்டில் கயிற்றில் கொடிப்பூ மாதிரித் தொங்கவிடுவார்கள், அதிலிருந்து சத்தம் சொட்டுச் சொட்டாகப் பாப்பாவின் மேல் விழும் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

அத்தை பெட்டியோடு மடத்துக்குளம் போனாள். அப்பா தினமும் போனைப் பார்த்தார். போன் வரவில்லை. ஒரு மாதம் ஆயிற்று, மேலும் ஆயிற்று. எங்கள் வீட்டில் ஒரு சத்தம் வராமல் போனதற்காக எல்லோரும் நிம்மதியாகத் தூங்கியது அந்த ஒரு தடவைதான்.

பரீட்சை லீவில் அப்பா என்னைக் கொஞ்ச நாள் அங்கே விட்டு வந்தார். சாப்பாடு முடிந்த மத்தியானம். தோப்பு முழுக்க ஓட்டை ஓட்டையாக வெயில். வாய்க்காலில் தண்ணீர் போவது கேட்டது. அதுவும் கேட்டும் கேட்காமலும். பாப்பாவின் தொட்டில் தாழ்வாரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். பாப்பா நன்றாகத் தூங்கியது. கயிற்றில் கொடிப்பூ இல்லை. ஸ்பீக்கர் அலமாரியில் கொழுக்கட்டை அச்சுக்குப் பக்கத்தில் இருந்தது.

பெட்டி அத்தையிடம் இருந்தது. தாழ்வாரத்தின் மறுகோடியில், வெறுந்தரையில், இரண்டு காதிலும் பஞ்சை மாட்டிக்கொண்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அநியாயமாகப் பட்டது. பாப்பாவுக்கு வாங்கியதல்லவா? அருகில் போய் ஒரு பஞ்சை மெதுவாகக் கழற்றினேன். அத்தை சடாரென்று எழுந்து உட்கார்ந்தாள். கை தானாக மேலே போய்க் காற்றில் எதையோ தேடியது.

“எங்க அறுந்துது?”

பிறகு தென்னையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வெட்கப்பட்டு ஒரு சிரிப்புச் சிரித்து, பஞ்சை என் கையிலிருந்து வாங்கி மாட்டிக்கொண்டு, சிரிப்பு முடிவதற்குள் தூங்கிவிட்டாள்.

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியார் முறத்தை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “அவள எழுப்பாத அம்முணி. ஆடிக் கறக்கற மாட்ட ஆடிக் கறக்கோணும், பாடிக் கறக்கற மாட்டப் பாடிக் கறக்கோணும்.” சொல்லிவிட்டு, சந்தைக்குக் கிளம்பிய மாமாவிடம் புளியும் மிளகாயும் பேட்டரியும் மறக்காமல் வாங்கி வரச் சொன்னார். மாமியாரின் வார்த்தையில் ‘ங்க’ குறைவாக இருந்தது. இவர்கள் வீட்டில் மாடே கிடையாதே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

லீவு முடிந்து வந்த அன்றே சித்தப்பாவிடம் போய் முறையிட்டேன். அவர் கம்ப்யூட்டரில் ஏதோ குழந்தைச் சட்டைக்கு வாத்து போட்டுக்கொண்டிருந்தார். பாப்பா அது இல்லாமலே தூங்குகிறது, அத்தைதான் எடுத்து மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள், மாமியாரும் கேட்பதில்லை, பேட்டரி வேறு வாங்கிக் கொடுக்கிறார்கள், ஆகவே பெட்டியை எனக்கே வாங்கிக் கொடுத்துவிடுங்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

சித்தப்பா வாத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார்.

“அத்தை நல்லாத் தூங்குதா கண்ணு?”

“வாயப் பொளந்துட்டுத் தூங்குதுங்க.”

அவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கீழே மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது. நான் கேட்டது பெட்டியைப் பற்றி. எனக்குக் கோபமான கோபம்.