ஒரே வெட்டு

மரம் வெட்டும் அவருக்கு 'ஒரே வெட்டு' என்று பெயர் விழுந்து பதினாறு வருடம் ஆகிறது. அன்று ஒரு பள்ளிக்கூட வாசலில் சாய்ந்து நின்ற மரம். ரம்ப மிஷினின் மூக்கை அடிமரத்தின் நடுவில் குத்தி உள்ளே ஓட்டினார். பின்பக்கம் ஒரு கீற்றை மட்டும் விட்டுவைத்து, கடைசியில் அதையும் அறுத்தார். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வகிடு எடுத்த மாதிரி மரம் படுத்தது. கை தட்டினார்கள்.

இன்று ஓர் அச்சகத்தின் பின்பக்கம். மரம் சாய்ந்திருந்த திசையில், அச்சு மிஷின் கொட்டகைக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு வண்டி நுழையும் இடைவெளி. கொட்டகை மேல் விழுந்தால் அச்சகத்தை மூட வேண்டியதுதான். ஆட்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க வெளியே வந்திருந்தார்கள்.

கூட வேலை செய்யும் மச்சினன் சொன்னான்: "பத்து நிமிஷம்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன் மாமா. அந்தக் குத்து வெட்டையே போடுங்க."

அவர் கோடரியின் முதுகால் அடிமரத்தைத் தட்டினார். ஓரிடத்தில் ஒலி மங்கியது போலிருந்தது. மறுபடி தட்டினால் இல்லை.

"மேலேருந்து துண்டு துண்டா எறக்கிடலாம்."

"ரெண்டு நாள் ஆகும். உங்க முட்டி தாங்குமா?"

"தாங்காது."

"அப்புறம் என்ன? ஏற்கெனவே போட்ட வெட்டுதானே?"

"அன்னைக்கு உள்ள பாதி உளுத்துக் கெடந்துச்சுடா. மிஷின் மாவுக்குள்ள போற மாதிரி போச்சு. கீத்தை அறுத்ததும் மிஷினைப் போட்டுட்டு ஓடினேன். மரம் அதுவா போய் நடுவுல விழுந்துச்சு."

மச்சினன் கையிலிருந்த மிஷினைக் கீழே வைத்தான். "அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா மிஷினைக் கெணத்துல போட்டிருப்பா."

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறினார். ஒரு கிளை, கயிற்றில் இறக்கம். இன்னொரு கிளை.

"இவரா ஒரே வெட்டு? கீரை ஆயுறவரு மாதிரில்ல இருக்கு" என்றாள் தாள் மடிப்பவள். சிரித்துவிட்டு எல்லாரும் உள்ளே போனார்கள்.

மறுநாள் சாயங்காலம் அடிக்கட்டையை அறுத்தார்கள். மச்சினன் குனிந்து வெட்டுவாயைத் தடவினான். பட்டையிலிருந்து நடு வரைக்கும் ஒரு பொட்டு உளுப்பு இல்லை.

"வைரம் பாஞ்ச மரம் மாமா. ஒரே வெட்டுல போயிருக்கும்."

"போயிருக்கும்."

அந்தக் கட்டை மேலேயே உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டார். கொட்டகைக்குள்ளிருந்து முதலாளி கத்தினார்: "ஒரே வெட்டு! முடிஞ்சுதா, இல்ல நாளைக்கும் வருவீங்களா?"

"முடிஞ்சுதுங்க" என்றார், எழுந்திருக்காமல்.