மார்க்கரின் கை

என் எழுதுமேசையின் மேல் ஓர் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. சட்டை தேய்க்கும் பெட்டியைவிட நீளமானது. ஒரு கையால் தூக்கினால் தோள் இறங்கிவிடும். இலங்கை மலைநாட்டில், பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் கிளப்பில் பில்லியர்ட்ஸ் மேசையின் பச்சைத் துணியை அப்பா இதை வைத்துத்தான் தேய்ப்பார். எங்கள் மலையில் மூடுபனி அறைக்குள்ளும் வந்து உட்காரும். துணி ஈரம் குடித்தால் பந்து ஓடாது. அதனால் காலைதோறும் பெட்டியை அடுப்பில் சூடாக்கி, பழைய காகிதத்தில் வைத்துச் சூடு பார்த்து, ஒரே திசையில், திரும்பி இழுக்காமல் தேய்ப்பார். மூன்று நாளாக இந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் மகனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். எழுத வரவில்லை.

அப்பாவை எல்லோரும் மார்க்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். அம்மாகூட அடுத்தவரிடம் பேசும்போது "எங்க வீட்டு மார்க்கரு" என்பாள். துரைமார் ஆடும்போது புள்ளியைச் சொல்லிப் பலகையில் முள்ளை நகர்த்துவது அவர் வேலை. ஆள் குறைந்தால் அவரும் ஆட வேண்டும். சுதந்திரம் வந்த வருடம் அந்த வேலைக்குப் போனவர், கொஞ்ச காலத்திலேயே அங்கு வரும் எந்தத் துரையையும்விட நன்றாக ஸ்நூக்கர் ஆடினார். ஆனால் ஜெயிக்கக் கூடாது. மோசமாகத் தோற்கவும் கூடாது, துரைக்கு அலுத்துப்போகும். கடைசிவரை நெருங்கி வந்து, முக்கியமான பந்தைத் துரைக்குத் தோதாகக் குழியின் வாயில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "நல்ல அடிங்க தொரை" என்று சொல்ல வேண்டும். யாரும் அதை அவருக்குச் சொல்லித் தரவில்லை. அதில் அவரை மிஞ்சவும் ஆளில்லை.

எனக்கு ஒன்பது வயதானபோது கொழும்புக் கிளப் ஒன்றுக்கு ஸ்நூக்கர் ஆட்டக்காரர் தேவைப்பட்டார். ஆடுவதற்கும் கற்றுக்கொடுப்பதற்குமே சம்பளம், இருக்க வீடு. தோட்டத்து மேனேஜரான பெரிய துரைதான் அப்பாவைப் பற்றி எழுதிப் போட்டார். அந்தக் கிளப்பின் செயலாளர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நேரில் பார்க்க வந்தார். பெரிய துரையை ஜெயித்துக் காட்டினால் வேலை அப்பாவுக்கு. தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அப்பா ஜெயித்தால் படிப்பு, தோற்றால் கொழுந்து பறிக்கும் கூடை என்பது எனக்கே தெரிந்திருந்தது. அம்மா முதல் நாளே எங்கள் இரண்டு கோழிகளையும் எங்கள் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அத்தைக்குக் கொடுத்துவிட்டாள்.

சன்னலுக்கு வெளியே, தூறலில், நானும் அம்மாவும் நின்றோம். ஆட்டம் தொடங்குமுன் பெரிய துரை அப்பாவின் அருகில் வந்து, தோட்டத்தில் கற்ற தமிழில் சொன்னார்: "மார்க்கர், இன்னைக்கு விட்டுக் குடுக்காதே. தெரியுதா?"

தான் விட்டுக்கொடுப்பது துரைக்குத் தெரியாது என்றே எட்டு வருடமாக அப்பா நினைத்திருந்தார். தலையைக் குனிந்து, "சரிங்க தொரை" என்றார்.

மூன்று ஆட்டம். ஆளுக்கொன்று ஜெயித்திருந்தார்கள். மூன்றாவதில் கறுப்புப் பந்து மட்டும் மிச்சம். அதைக் குழியில் போடுபவருக்கு வெற்றி. அப்பாவின் முறை. கஷ்டமான கோணம்தான். போட்டுப் பார்க்கலாம், இல்லாவிட்டால் துரைக்கு எட்டாத இடத்தில் ஒதுக்கி வைக்கலாம். அப்பா நெடுநேரம் குனிந்திருந்து அடித்தார். கறுப்புப் பந்து மெதுவாக உருண்டு மூலைக் குழியின் வாயில் போய் நின்றது. வெள்ளைப் பந்து அதற்கு நேரெதிரே வந்து நின்றது. துரை அப்பாவை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாதவரைப்போல, கறுப்பை உள்ளே தள்ளினார்.

"நல்ல அடிங்க தொரை" என்றார் அப்பா. பலகைக்குக் கை போன பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முள்ளைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

வீடு திரும்பும் வழியில் அம்மா கேட்டாள்: "வேணுமின்னேவா செஞ்சீங்க?"

"இல்ல புள்ள. கை அதுவா போயிருச்சு."

மறுநாள் அத்தை கோழிகளோடு வந்தாள். "என்னா மார்க்கரே, ஒங்களுக்கு முந்தி ஒங்க கோழி கொழும்பு பாத்துட்டு வந்துருச்சே!" லயமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கக் கூடாது.

அதன்பின் அப்பா யாருக்கும் பந்தை விட்டு வைக்கவில்லை. வந்த துரையையெல்லாம் தோற்கடித்தார். ஒரே மாதத்தில் அவரை ஆடக் கூப்பிடுவது நின்றது. ஒரு பகலில் சோறு கொண்டுபோனேன். ஆளில்லாத கிளப்பில் வலது கைக்கும் இடது கைக்குமாக ஆடிக்கொண்டிருந்தார். கேட்க யாருமில்லாவிட்டாலும் புள்ளிகளைச் சத்தமாகச் சொன்னார். வலது கை, இடது கைக்குத் தோதாகப் பந்தைக் குழியின் வாயில் வைத்தது.

துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். கிளப்பைப் பூட்டிய நாளில் பெரிய துரை இந்தப் பெட்டியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்குப் பதுளைக் கடைத்தெருவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் கூடை சுமந்திருந்த நான் மறுபடி படித்தேன், ஆசிரியையானேன். அந்தக் கூடத்தில் அப்பாவை ஜெயித்தவர் எவருமில்லை. அதனாலேயே அவருடைய மேசை பெரும்பாலும் காலியாகக் கிடந்தது.

போன வாரம் என் மகன் வேலையிடத்துக் கூட்டத்தில், மேலதிகாரியின் திட்டத்தில் பிழை இருக்கிறது என்று எழுந்து சொல்லியிருக்கிறான். அவர் எல்லோர் முன்னாலும் கத்தியிருக்கிறார். லீவு போட்டு வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னான். பிழை இருந்ததா என்றுகூட நான் கேட்கவில்லை. "பிழை ஒன்னோடதுன்னு சொல்லி மன்னிப்புக் கேட்டுரு தம்பி" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் முன்பே ஒருமுறை, சன்னல் வழியாக, பார்த்திருக்கிறேன். பையை எடுத்துக்கொண்டு கொழும்பு ரயிலுக்குப் போய்விட்டான்.

தாள் பறக்காமலிருக்க அப்பாவின் பெட்டியை அதன் ஓரத்தில் வைத்திருக்கிறேன். நேற்று எழுதியதைக் கிழித்துவிட்டேன். இன்று "நீ சொன்னது சரி" என்று எழுதி அதோடு நிறுத்த நினைத்தேன். எழுதினேன். கை அதுவாகவே அடுத்த சொல்லுக்குப் போனது: "ஆனாலும்."

பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறேன்.