ரோல்ஸும் இரண்டாவது கோல் காப்பாளரும்

பாரிஸின் வடக்குப் புறநகர்களில் பிள்ளைகளை ஐஸ் ஹொக்கிக்கு விடுகிற பெற்றோரில் என் ரோல்ஸைச் சாப்பிடாதவர்கள் குறைவு. ஆட்டிறைச்சி ரோல்ஸ், மரக்கறி ரோல்ஸ், மீன் பற்றீஸ். எந்தத் திடலுக்குப் போனாலும் என்னைக் கண்டதும் முகம் மலரும், கை என் பையை நோக்கி நீளும். என் மகளை அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கோல் காப்பவளின் முகம் கம்பிக்கூட்டுக்குள் மறைந்திருக்கிறது, அதனால்தான் என்று கொஞ்சக் காலம் என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

நான் லாசப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் வேலை செய்கிறேன். வீடு சார்செலில். எங்கள் வீட்டுக்குள் ஹொக்கியைக் கொண்டுவந்தது பள்ளிக்கூடம். மகளின் வகுப்பை ஒருநாள் பனித்திடலுக்குக் கூட்டிப்போனார்கள். வீட்டுக்கு வந்தவள் சப்பாத்தைக் கழற்றும் முன்பே அங்கே தன்னைச் சேர்த்துவிடச் சொல்லி அழத் தொடங்கினாள். கனடாவில் இருக்கும் என் அண்ணை தன் பிள்ளைகள் போட்டு வளர்ந்த சறுக்குச் சப்பாத்துகளை அனுப்பிவைத்தார். கடைக்கு வழக்கமாக வருகிற ஒரு அக்காவுக்குத்தான் மனம் கேட்கவில்லை.

"பொம்பிளைப் பிள்ளைக்கு உதென்ன விளையாட்டு? பல்லுக்கில்லுப் போனால் நாளைக்கு ஆர் கட்டுறது? டான்ஸ் வகுப்புக்கு விடுமன்."

"பல்லுக் கட்டலாம் அக்கா," என்றேன். அவர் பற்றீஸைக் கடித்தபடி போய்விட்டார்.

இந்த நாட்டுச் சிறுவர் ஹொக்கியின் ஒழுங்கைப் புரிந்துகொள்ள எனக்கு அகதி விண்ணப்பத்தை விட அதிக காலம் எடுத்தது. பிறந்த வருடத்தை வைத்துப் பிள்ளைகளைப் பிரிப்பார்கள். இப்போது ஒன்பது வயதுக்குக் கீழ், பதினொன்றுக்குக் கீழ் என்று எண்ணால் சொல்கிறார்கள். முன்பு ஒவ்வொரு பிரிவுக்கும் பெயர் இருந்ததாம். சின்னஞ்சிறுசுகள் கொசுக்கள், அடுத்தது கோழிக்குஞ்சுகள், அதற்குப் பிறகு கடைக்குட்டிகள். பழைய ஆட்கள் இன்னமும் அந்தப் பெயர்களைத்தான் சொல்வார்கள். கொசுக்களுக்கு முழுத் திடலும் கிடையாது. அதன் ஒரு துண்டில் குறுக்காக விளையாடுவார்கள். யாரும் கோல் எண்ணுவதில்லை. எண்ணாதபடியால் எல்லாப் பிள்ளையும் இறங்கும், கோலிலும் மாறி மாறி நிற்கும். அந்தக் கனமான கால் மெத்தைகளைக் கட்டிக்கொண்டு நிற்க மற்றப் பிள்ளைகள் மூக்கைச் சுளித்தபோது என் மகள் மட்டும் கையைத் தூக்கினாள். கழகம் அந்தக் கவசங்களை அவளுக்கு இரவலாகக் கொடுத்தது. அந்த இரண்டு மூன்று வருடங்கள் பொற்காலம்தான். அப்போது எனக்கு அது தெரியவில்லை.

வயது ஏற ஏற எண்ணத் தொடங்குகிறார்கள். முதலில் பிராந்தியத்துக்குள் லீக், அதில் தேறுகிற அணிகளுக்கு மேலே இன்னொரு லீக். மேலே போனால் மலையூர்ப் பிள்ளைகள் காத்திருப்பார்கள், வீட்டு வாசலிலேயே பனி விழுகிற பிள்ளைகள். எங்கள் பக்கத்துக் கழகங்கள் சின்னவை. ஒரு வயதுப் பிரிவுக்குப் போதிய பிள்ளைகள் இல்லாவிட்டால் இரண்டு ஊர்க் கழகங்கள் சேர்ந்து ஓர் அணியை இறக்கலாம் என்று விதி இருக்கிறது. அந்த விதிதான் எங்களுக்கு வினையாக வந்தது. பதின்மூன்றுக்குக் கீழ்ப் பிரிவில் எங்கள் கழகம் பக்கத்து ஊரோடு சேர்ந்தது. அவர்கள் தங்கள் கோல் காப்பாளரைக் கொண்டுவந்தார்கள், தங்கள் பயிற்சியாளரையும் கொண்டுவந்தார்கள். என் மகள் இரண்டாவது கோல் காப்பாளர் ஆனாள்.

மற்ற ஆட்டக்காரர்கள் நிமிடத்துக்கொரு தடவை மாறி மாறி இறங்குவார்கள். இரண்டாவது கோல் காப்பாளர் மட்டும் மாறுவதில்லை. முதலாமவர் விழுந்தால் எழுந்து போவதற்காக, முழுக் கவசத்தோடும் திடலோரத்து வாங்குப் பலகையில் குந்தியிருக்க வேண்டும். முதலாமவர் விழுவதில்லை.

நான் செய்தது எங்கள் சனம் எல்லாரும் செய்கிற வேலைதான். நம் பிள்ளைக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்தால் அவர் வயிறு நிறைய வேண்டும். அடுத்த ஆட்டத்துக்கு ஒரு பெரிய பை நிறைய ரோல்ஸ் கொண்டுபோய்ப் பயிற்சியாளரின் கையில் கொடுத்தேன். எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகங்களில் சாப்பாடு கொண்டுவருகிறவர் கழகத்து ஆள். அவர் சொல்லுக்கு ஒரு மரியாதை இருக்கும், அவர் பிள்ளையை வாங்கில் இருத்திவைக்க யாருக்கும் மனம் வராது. இங்கேயும் வயிற்றுக்கும் மனத்துக்கும் அதே பாதைதான் என்று நம்பினேன். பயிற்சியாளர் ஒன்றைச் சாப்பிட்டார், கண்ணை மூடி ரசித்தார், பிறகு பையை அப்படியே கழகத் தலைவரிடம் கொடுத்தார். தலைவர் அதைத் தேநீரும் கேக்கும் விற்கிற புவெத் மேசையில் பரப்பினார். முதல் இடைவேளைக்குள் முடிந்துவிட்டது.

"மதாம், அடுத்த ஞாயிறும் கொண்டுவருவீர்களா? கழகத்துக்கு இது பெரிய உதவி," என்றார் தலைவர்.

கொண்டுபோனேன். அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும். சூடாக்க ஆள் வேண்டுமென்று மேசைக்குப் பின்னால் என்னையே நிறுத்தினார்கள். அந்த மேசை நுழைவாயில் மண்டபத்தில் இருந்தது. திடலுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர், அதுவும் எப்போதும் ஆவி படிந்திருக்கும். எதிரே சுவரில் பழைய படங்கள் மாட்டியிருந்தார்கள். மீசை வைத்த கனவான்கள் கம்பளிச் சட்டையோடு, கையில் ஹொக்கி மட்டையோடு. நூறு வருடங்களுக்கு முன்பு பாரிஸில் இது வசதிக்காரரின் விளையாட்டு, பிள்ளைகளுக்கு லீக் வந்ததெல்லாம் பிறகுதான் என்று தலைவர் பெருமையாக விளக்கினார். அந்தக் கனவான்களுக்கும் யாரோ சமைத்துத்தான் போட்டிருப்பார்கள். சமைத்துப் போட்டவளின் படம் சுவரில் இல்லை.

"உம்மடை ரோல்ஸைத்தான் அவங்கள் இறக்கிறாங்கள், பிள்ளையை இல்லை," என்றார் என் மனுசன். ஞாயிறுகளில் அவருக்கு உணவகத்தில் வேலை, அதனால் வீட்டிலிருந்து பகிடி விட மட்டும் நேரம் இருந்தது. கனடாவிலிருந்து அண்ணை தொலைபேசியில் கத்தினார்.

"இஞ்சை ஊர் லீக்கிலை எல்லாப் பிள்ளையளும் சமனா விளையாட வேணும். இறக்காட்டில் தாய்தகப்பன் சண்டைக்குப் போயிடுவினம். நீ ஏனடி வாய் பொத்திக்கொண்டு ரோல்ஸ் சுடுறாய்?"

வாயைப் பொத்திக்கொண்டு நிற்கவில்லை. பயிற்சியாளரிடம் கேட்டேன். அடுத்த ஆட்டத்தில் என்றார். அடுத்த ஆட்டம் முக்கியமான ஆட்டமாகிவிட்டது. அதற்கடுத்தது அதைவிட முக்கியம். முக்கியமில்லாத ஆட்டம் ஒன்றை அந்த லீக் அட்டவணையில் யாரும் போடவில்லை.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, எதிரணி பேருந்து நிறையப் பெற்றோரோடு வந்தது. மேசைக்கு முன்னால் வரிசை கதவு வரைக்கும் நின்றது. உள்ளே சங்கு ஊதியது, ஆரவாரம் கேட்டது, நான் இடுக்கியோடு ரோல்ஸைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தலைவர் பக்கத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். என் மகள் கவசத்தைக் கழற்றாமலே என்னிடம் ஓடிவந்தாள். தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது, முகம் சிவந்திருந்தது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை, அன்றைக்குத் தமிழில் கேட்டாள்.

"அம்மா, பாத்தனீங்களா?"

முதலாமவரின் முழங்கால் பிரண்டதாம். கடைசிப் பகுதி முழுக்க இவள் நின்றிருக்கிறாள். நான் கையில் இடுக்கியோடு நின்றேன்.

"இல்லைப் பிள்ளை. சனம்... ரோல்ஸ் சூடாக்கிக்கொண்டு நிண்டனான்."

அவள் மேசையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். பிறகு பிரெஞ்சில், பரவாயில்லை என்றாள். சார்செல் ரயிலில் எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளையின் கையைப் பிடிக்கக்கூட வெட்கமாக இருந்தது.

முழங்கால் சீக்கிரமே சுகமாகிவிட்டது. வைகாசியில் அடுத்த பருவத்துக்கான அணியைச் சொன்னார்கள். மேல் லீக்குக்குப் போகிறார்களாம். அதில் என் மகள் இல்லை. காரணம் கேட்டபோது பயிற்சியாளர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "அவளுக்கு ஆட்ட அனுபவம் போதாது, மதாம்." இறக்காமல் வைத்திருந்த ஆளே இதைச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஏற்ற பிரெஞ்சு வாயில் வரவில்லை. மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இனி விளையாடப்போவதில்லை என்று வீட்டு வாசலில் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை, இரவல் வாங்கிய கவசங்களைத் திருப்பிக் கொடுக்க நான் தனியாகப் போனேன். அன்று கொசுக்களின் பருவ முடிவுச் சுற்று. மண்டபம் நிறையச் சின்னப் பிள்ளைகள். நான் பெரிய பையைத் தோளில் கொழுவிக்கொண்டு உள்ளே வருவதைக் கண்டதும் தலைவரின் முகம் மலர்ந்தது. அவசர அவசரமாகக் கேக் தட்டுகளை ஒதுக்கி மேசையில் இடம் செய்தார்.

"மதாம்! இங்கே, இங்கே வையுங்கள். எல்லாரும் உங்களைத்தான் கேட்டார்கள்."

அவர் காட்டிய இடத்திலேயே வைத்துப் பையின் ஜிப்பைத் திறந்தேன். கால் மெத்தைகள், நெஞ்சுக் கவசம், கம்பிக்கூட்டு முகமூடி. கொண்டுபோகும் முன் எல்லாவற்றையும் துடைத்திருந்தேன். தலைவர் முகமூடியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இது யாருடையது?"

"என் மகளுடையது. உங்கள் இரண்டாவது கோல் காப்பாளர்."

அவர் உண்மையாகவே யோசித்தார். "ஆ, ஓமோம்... இந்த வருடம் அவளுக்கு ஓர் ஆட்டம் கிடைத்தது, இல்லையா? நன்றாக நின்றாளா?"

"எனக்கும் தெரியாது," என்றேன். "அன்றைக்கு நீங்களும் நானும் இந்த மேசைக்குப் பின்னால்தானே நின்றோம்."