வலது பாதத்தில் கேட்ட சத்தம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். சாமியையும் ஆஸ்பத்திரியையும் சேர்த்து எழுதினால் யார் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்ற பயமும் இருந்தது.

என் வீட்டுக்காரர் ஆடி வெள்ளியில் சாமுண்டி மலைக்கு வெறுங்காலோடு படியேறுகிறவர். ஒரு வருஷம், தேவராஜ மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போனால்கூட நடுவில் நின்றுவிடுவார். குங்குமக் குவியலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"எத்தனை பேருக்குப் பொட்டு வைக்கப் போறீங்க? வாங்க!"

"இருடி, விலை கேக்கறேன்."

விலையெல்லாம் கேட்கவில்லை. கெண்டைக்கால் வலியை என்னிடம் மறைக்கத்தான் அப்படி நின்றார். பெருவிரல் புண் ஆறாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார். அதற்குள் காலே போய்விடுமோ என்று நான் பயந்துவிட்டேன்.

அங்கே படுக்கவைத்து, கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பட்டை கட்டினார்கள். இரண்டையும் ஒப்பிட்டால் காலுக்கு ரத்தம் எவ்வளவு போகிறது என்று தெரியுமாம். டெஸ்ட் எடுக்கிற பெண் பாதத்தில் பசை தடவி, பேனா மாதிரி ஒன்றை வைத்தாள். இடது பாதத்தில் புஸ்ஸு புஸ்ஸென்று ரத்தம் ஓடுகிற சத்தம் வந்தது. வலதில் ஒன்றுமில்லை. "தாயே சாமுண்டி" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன்.

"ஆன்ட்டி, சொல்ப, கொஞ்சம் சும்மா இருங்க. எனக்கு சவுண்டு கேக்கணும்."

"அவ கூப்பிட்டா மலை வரைக்கும் கேக்கும்மா," என்றார் இவர்.

அவள் சிரித்துக்கொண்டே பேனாவை நகர்த்தினாள். தூரத்தில் யாரோ துணி அலசுகிற மாதிரி மெல்லக் கேட்டது.

"வருது அங்கிள். கம்மிதான்."

"மலை ஏறலாமா?"

"டாக்டரைக் கேளுங்க."

மாத்திரை கொடுத்தார் டாக்டர். தினமும் நடக்கச் சொன்னார். வலித்தால் நின்று, வலி விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். வெறுங்கால் கூடவே கூடாது. நாங்கள் இருவரும் அக்ரஹாரத் தெருக்களில் நடந்தோம். புண் ஆறியது. அடுத்த டெஸ்டில் அந்தச் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்டது. வருகிற ஆடிக்குப் பாதி மலை வரை போகலாம், செருப்போடு என்றார் டாக்டர்.

"அம்மா படியை செருப்பால மிதிக்கறதா?" என்று வழியெல்லாம் என்னோடு சண்டை.

ஆடி பிறப்பதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். கால் கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது.

அந்தச் சத்தத்தை இன்னொரு முறை கேட்க மாட்டோமா என்று இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. பூஜையில் உட்கார்ந்தாலும் அதே ஏக்கம்தான். அம்மாவிடம் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மருந்தே இல்லாமல் சாமி காலைக் குணமாக்கிவிட்டதாகச் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். அப்படியில்லை. நடந்தால் கால் வலித்து நிற்கிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், இதை நான் சொன்னபடியே சொல்லுங்கள். டெஸ்ட் எடுத்ததை விட்டுவிடாதீர்கள். அவர் மலை ஏறினார் என்றும் சேர்த்துவிடாதீர்கள்.