ஒரே ரத்தம்

எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதென்றால் ஜாதகம் பார்ப்பார்கள், நிலபுலன் பார்ப்பார்கள், மாப்பிள்ளையின் சித்தப்பா எப்போதாவது குடித்துவிட்டுச் சண்டை போட்டாரா என்றுகூட விசாரிப்பார்கள். என் விஷயத்தில் எதையும் பார்க்கவில்லை. அத்தை மகனுக்குத்தானே கொடுக்கிறோம், சொந்த ரத்தத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மூத்தவன் பிறந்தான். மறுநாள் டாக்டரம்மா வந்தார்.

"ஒனக்கு நெகட்டிவ் ரத்தம், பிள்ளைக்கு பாசிட்டிவ். மூணு நாளைக்குள்ள ஒரு ஊசி போடணும். போடலைன்னா அடுத்த பிள்ளையோட ரத்தத்தை ஒன் ஒடம்பே அழிச்சிரும்."

ஊசி மதுரையில்தான் கிடைக்கும் என்று சீட்டில் எழுதியும் கொடுத்தார். நெகட்டிவ் என்றால் எங்களுக்குத் தெரிந்தது, கல்யாண போட்டோக்காரர் தராமல் இழுத்தடித்த நெகட்டிவ் ஒன்றுதான். மாமியாரான அத்தைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இவ எங்கண்ணன் மக. அவன் எம் வயித்துல பொறந்தவன். ரெண்டும் ஒரே ரத்தம். அது எப்படிச் சேராமப் போகும்? அந்தம்மாவுக்கு எங்க மொறை தெரியல, அதான் ஒளறுது."

சீட்டோடு பஸ் ஸ்டாண்டு வரை போன என் கணவர், அம்மா சொன்னதுதான் சரி என்று பஸ் ஏறாமலே திரும்பி வந்தார். நான் பத்தாவது வரை படித்தவள். ரத்த வகை பற்றி அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று டீச்சர் அதைத் தாண்டிப் போயிருந்தார். ஊசிக்குப் பயந்த எனக்கும் அத்தையின் பேச்சு வசதியாக இருந்ததால், வாயை மூடிக்கொண்டேன். மூன்று நாளும் போய்விட்டது.

இரண்டு வருஷம் கழித்து மகள் பிறந்தாள். இந்த முறை பக்கத்து ஆர்.எஸ்.மங்கலத்தில் பிரசவம், மறுநாளே வீடு. வந்தவர்களெல்லாம் பிள்ளையைப் பார்த்து அசந்து போனார்கள். கறுத்த வம்சத்தில் இப்படி ஒரு மஞ்சள் நிறம்! பூசிக் குளித்த மாதிரி இருக்கிறது என்றார்கள். இந்த நிறம் யார் வழி என்று எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் போட்டியே நடந்தது. இரண்டு வீடும் ஒரே வீடுதான் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பிள்ளை அழவும் இல்லை, பால் குடிக்கவும் இல்லை. தூங்கிக்கொண்டே இருந்தது. அதற்கும் பாராட்டுதான்.

"பொம்பளப் பிள்ளைன்னா இப்படித்தான் அடக்கமா இருக்கணும்" என்றார் அத்தை.

நானும் பெருமையாகத்தான் படுத்திருந்தேன். இனி இவளை யாரும் கறுப்பி என்று கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் கிராமத்து நர்சம்மா சைக்கிளில் வந்து, பிள்ளையின் நெற்றியில் பெருவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். அழுத்திய இடமும் மஞ்சளாக இருந்தது. உள்ளங்காலைப் பார்த்தவர் எங்களைத் திட்டக்கூட நேரம் எடுக்கவில்லை. வாடகைக் கார் பிடித்து மதுரைக்குப் போனோம்.

"ரெண்டு நாளா என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டார் டாக்டர். அழகு பார்த்துக்கொண்டிருந்தோம் என்று எப்படிச் சொல்வது?

அழிகிற ரத்தம்தான் மஞ்சளாக ஏறுகிறது, பிள்ளையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வேறு ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். ஒரே ரத்தக்காரர்கள் ஒன்பது பேர் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒருவருடையதும் சேரவில்லை. பெயர் தெரியாத யாரோ கொடுத்த ரத்தத்தில் என் மகள் பிழைத்தாள். அன்று நான் கும்பிடாத சாமி இல்லை.

உயிர் வந்தது, காது போய்விட்டது. ஏறிய மஞ்சள் மூளைவரை போய்விட்டதாம். காது கேட்காதது தெரியவே எங்களுக்கு ஒரு வருஷம் ஆனது. கூப்பிட்டால் திரும்பவில்லை என்றதற்கு, பிள்ளைக்குத் திமிர் என்று சிரித்தார்கள்.

பதினைந்து வயதில் ஒருநாள் அவள் நோட்டில் எழுதி என்னிடம் நீட்டினாள்: "எனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை?"

ரத்தம் சேராததை எழுதினேன். படித்துவிட்டு, "முன்னாலேயே யாரும் உன்னிடம் சொல்லவில்லையா?" என்று அதன் கீழே எழுதினாள்.

"சொல்லவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன்.

அதைப் படித்தவள், பாவம் நீ என்பதுபோல் என் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள்.