ஈயக் குண்டுக்குள்ள இன்னா கீது?

இல்லாத சாமான தேடறதுதான் எங்க தொயிலு. ரேஷன் கார்டு தேடறேன்னு பரண் பூரா எறக்கிப் போட்டு, கடைசில கைல தூசி மட்டும் மிஞ்சினவங்க யாருனா கீறீங்களா? வாங்க, நாமல்லாம் ஒரே கூட்டம்.

ராயபுரத்துல ஒரு காலேஜ் லேப்ல பெருக்கற வேலைக்கிதான் நான் போனேன். அங்க ஒரு சாரு. அவருகிட்ட பிஎச்டி பண்ற வண்ணாரப்பேட்ட பொண்ணு நஸ்ரின். யுரேனியத்த வுட ரொம்ப கனமான சாமான் ஒண்ணு, பூமி பொறந்தப்போ பொறந்து, இன்னும் சாவாம எங்கனா ஒளிஞ்சிகினு கீதான்னு பாக்கறாங்க. அது ஈயத்துக்கு ஒறவாம். கீதுன்னா ஈயத்தோட ஒட்டிகினுதான் இருக்குமாம். இந்த மாசம் முடிஞ்சா, சாமான்லேர்ந்து வர்ற கதிர எண்ற மிஷின வேற காலேஜுக்கு தூக்கினு பூடுவாங்க. அதுக்குள்ள நஸ்ரின் எண்ணி முடிக்கணும், இல்லன்னா மூணு வருச படிப்பு அந்தரத்துல தொங்கும்.

வல குண்டு

புது ஈயம் கொஞ்ச வருசத்துக்கு கதிர் வுட்டுக்கினே இருக்கும், பழசுதான் அடங்கிக் கெடக்கும்னாரு சாரு. பழைய ஈயத்துக்கு நான் எங்க போறது? காசிமேட்டுல வல பின்ற அந்தோணி ஞாபகம் வந்தான். அவங்க அப்பா காலத்து வலைல கட்டின ஈயக் குண்டுங்க ஒரு டின்னு நெறைய வெச்சிக்கினு இருந்தான். இந்த அந்தோணி கல்யாணத்துலதான் என் தங்கச்சி செருப்பு காணாப்பூட்ச்சி, அது வேற கத. குண்ட எதுக்கு கேக்கறேன்னு வெளக்கி சொன்னேன். பீடிய அணைச்சிட்டு என்ன மேலயும் கீயயும் பாத்தான்.

"யக்கா, கடல்லயே மீனு கெடைக்க மாட்டேங்குது, நீ ஈயத்துல இன்னாத்த புடிக்கப் போற?"

பளபளா

குண்டுங்க கருப்பா, கலீஜா இருந்துச்சி. காலேஜுக்கு போற சாமான், இப்பிடியா போவும்? புளியும் அடுப்பு சாம்பலும் போட்டு ஒரு பிடி குண்டுங்கள தேச்சி, கண்ணாடி மாதிரி ஆக்கி எடுத்துக்கினு போனேன். பாராட்டுவாருன்னு பாத்தா, சாரு தலைல கைய வெச்சிக்கினாரு. சாம்பல்லயும் கொஞ்சூண்டு கதிர் உண்டாமே! நல்லவேள, டின்னுல மிச்சம் இருந்துச்சி.

"அம்மா, இது பொங்கலுக்கு வெக்கற பானை இல்லம்மா!"

மிஷினு பேசிச்சி

அடுத்த தபா தேக்காம, ஒரு துணிப் பைல போட்டு அப்பிடியே கொண்டாந்து குடுத்தேன். அது வரைக்கும் ஊமையா கெடந்த மிஷினு, எண்ண ஆரம்பிச்சிட்ச்சி. சாதாரண ஈயத்துல வராத வேகத்துல கதிர் வருதாம். சாரு மட்டும், "இரும்மா, அவசரப்படாத"ன்னாரு. நஸ்ரின் எங்க கேட்டா? அவ அத்தாவுக்கு போன் போட்டு அயுதுட்டா. அப்பறம் ஓடியாந்து என்ன கட்டிப் புடிச்சிக்கினா.

"ஆயா, உன் கைராசிதான் ஆயா!"

கைராசி

வூட்டுக்கு வந்து அந்தப் பைய ஒதறினேன். வெள்ள வெள்ளயா பொடி கொட்டிச்சி.

எங்க வூட்டுக்காரரு கல்யாணம், சாமி ஊர்வலத்துக்கெல்லாம் கேஸ்லைட்டு வாடகைக்கி வுட்டவரு. எங்க கண்ணாலத்தன்னிக்கே மாலையும் கயுத்துமா எந்திரிச்சிப் போயி, அணைஞ்ச லைட்டுக்கு காத்தடிச்ச ஆளு. லைட்டுக்குள்ள வெளிச்சம் குடுக்கற துணிக்கூடு, மேண்டில், அத அவரு போட்டு வெக்கிற பை அது. மொத நாளே சாரு தலபாடா சொன்னாரு: "பழைய கேஸ்லைட் மேண்டில் மட்டும் கிட்ட வரக்கூடாது, அதுல தோரியம் இருக்கு, அதுவும் கதிர் விடும்." நானும் நல்லா தலைய ஆட்டிட்டு, டீ வாங்கப் பூட்டேன்.

சொல்லாம இருந்துடலாமான்னு ஒரு நெனப்பு வந்துச்சி, பொய் சொல்லல. அந்தப் பொண்ணு சிரிச்ச மொகம் கண்ணுலயே நின்னுச்சி. மிஷினு போவ இன்னும் ரெண்டு வாரந்தான் பாக்கி. ஆனா ஊரே அத தலைல தூக்கி வெச்சிக்கினு ஆடினப்பறம் எவனோ வந்து அது வெறும் மேண்டில் பொடின்னு சொன்னா?

காத்தால பைய கொண்டும் போயி மேசை மேல வெச்சி, எல்லாத்தையும் சொன்னேன். சாரு வெறும் பைய மிஷினுகிட்ட வெச்சாரு. மறுபடியும் அதே கணக்கா எண்ணிச்சி. நஸ்ரின் துப்பட்டால மொகத்த தொடச்சிக்கினா.

"ஊரு சொல்லி நான் கேக்கறதுக்கு, நீ சொல்லி கேட்டதே தேவலாம் ஆயா. டின்னுல குண்டு மிச்சம் இருக்கா?"

இல்ல

இருந்துச்சி. இந்த தபா அவளே காசிமேட்டுக்கு வந்து, புது டப்பால அள்ளிக்கினா. என்ன டப்பாவ தொடக் கூட வுடல, நானும் கேக்கல. லேப்ல மிஷினு கிட்டயே நிக்காம, கதவாண்ட ஸ்டூல் போட்டு குந்திக்கினு இருந்தேன். ரெண்டு வாரம் ஓடிச்சி. மிஷினு வாயே தொறக்கல. வண்டி வந்து அத தூக்கறதுக்கு மொத நாளு எண்ணி முடிச்சாச்சி. எங்க மிஷினு பாக்கற அளவுக்கு இந்த ஈயத்துல ஒண்ணும் இல்லன்னு நஸ்ரின் எயுதினா. நல்லா சுத்தமா பாத்துட்டு இல்லன்னு சொல்றதும் பதிலுதானாம். பரீட்ச வெக்க வந்த பெரியவரு அதுக்கே பாஸ் போட்டாரு. அந்த மேண்டில் பை கதையயும் ஒரு பக்கம் எயுதி வெச்சிருந்தா, அதத்தான் அவரு ரெண்டு தபா படிச்சாராம்.

இந்த சந்தோஷத்த அந்தோணிகிட்ட ஓடிப் போயி சொன்னேன். அவன் வலைலேர்ந்து தலையத் தூக்காம கைய நீட்டினான்.

"உள்ள ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சிட்ச்சி இல்ல, குண்ட குடு யக்கா, வல மெதக்குது."

உலகத்துலயே கனமான சாமான தேடப் போயி, எங்க வூட்டுக்காரரு பைல இருந்த தூசிய கண்டுபுடிச்ச விஞ்ஞானி நான் ஒருத்திதான்.