ஒன்பதாவது பொட்டு

போன வருடத்துக்கு முந்தின ஆயுத பூஜை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிறது என் சம்பந்தி வீடு. காலை பத்து மணிக்கு நானும் என் மனைவியும் காரில் போய் இறங்கினோம். மகளும் மருமகனும் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார்கள், லீவு கிடைக்கவில்லை. அவர்கள் சார்பில் பொரி தின்னும் பொறுப்பு எங்களுக்கு வந்தது.

என் தொழிலைச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு நடந்தது புரியாது. நான் காவல் துறையில் ஆயுதப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவன். இடையில் இரண்டு எம்.ஏ. பட்டமும் வாங்கினேன், இரண்டும் துப்பாக்கிக்கு உதவவில்லை. கையில் எடுத்த துப்பாக்கிக்குள் தோட்டா இருக்கிறது என்றே நினை, அதன் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பு, சுடுகிற நொடி வரை டிரிக்கரில் விரலை வைக்காதே. முப்பது வருடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எழுப்பாமலேயே சொல்கிறேன் என்பது என் மனைவியின் புகார்.

சம்பந்தி பெரிய சம்சாரி. பருத்தி, மிளகாய், மக்காச்சோளம் என்று கண்ணுக்கு எட்டின தூரம் நிலம். அப்பா காலத்தில் வீட்டில் ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்ததாம். அந்தக் கௌரவம் விட்டுப்போகக் கூடாது என்று முறையாக லைசென்ஸ் எடுத்து ஒரு பிஸ்டல் வாங்கினார். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுத்ததே நான்தான். அந்தப் பிஸ்டலுக்கு இரண்டே வேலை. ஒன்று, பீரோவில் தூங்குவது. இன்னொன்று, தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் தூங்குவது.

அன்றைக்கு அதற்கு மூன்றாவதாக ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்.

வீட்டு முற்றத்தில் பூஜை. டிராக்டருக்கு வாழைக்கன்று கட்டி, மருந்தடிக்கிற மெஷின், மண்வெட்டி, அரிவாள், மிக்சி, இஸ்திரிப்பெட்டி, மருமகன் படிக்கிற காலத்தில் வைத்திருந்த லேப்டாப் என்று வீட்டில் ஓடுகிறது, ஓடாதது எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பொட்டு வைத்திருந்தார்கள். நடுநாயகமாக ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் வாழை இலை. இலைமேல் கனகாம்பரச் சரம் சுற்றி, பட்டை பட்டையாகச் சந்தனம் பூசி, மாப்பிள்ளைக் கோலத்தில் பிஸ்டல்.

யாரைப் பார்த்தாலும் முதலில் செருப்பைப் பார்க்கிற ஆட்கள் உண்டு. எனக்குத் துப்பாக்கியைக் கண்டால் அதன் வாய் எந்தப் பக்கம் என்று பார்க்கிற பழக்கம். அது நேராக என் மனைவியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் சுண்டல் வாசனை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துவிட்டுக் கேட்டேன். "சம்பந்தி, இதுல தோட்டா இருக்கா?"

"இருக்காம?" என்றார் அவர், என்னமோ நான் அவர் வீட்டுச் சோற்றில் உப்பு இருக்கிறதா என்று கேட்டதுபோல. "பூசைக்கு வெறுமையா எதையாச்சும் வைப்பாகளா? மருந்து மெஷின்ல தண்ணி இருக்கு. டிராக்டருக்கு டீசல் ரொப்பியாச்சு. மரக்கால்ல நெல்லு இருக்கு. இத மட்டும் காலியா வச்சா நல்லாவா இருக்கும்?"

யோசித்துப் பார்த்தால் இதில் தப்பு கண்டுபிடிப்பது கஷ்டம். நம்ம பக்கத்தில் காலிக் குடத்தை எதிரே கொண்டுவந்தாலே முகம் சுளிப்பார்கள். ஆயுதச் சட்டத்தை எழுதினவர்கள் என்னென்னமோ யோசித்து எழுதியிருக்கிறார்கள். தோட்டாவையும் நிறைநாழியையும் ஒரே வரிசையில் வைக்கிற ஒருவர் வருவார் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

"எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால வாங்க" என்றேன். என் குரல் பரேடு மைதானத்துக்குப் போய்விட்டது. சம்பந்தி, சம்பந்தியம்மா, டிராக்டர் ஓட்டுகிற டிரைவர், என் மனைவி என்று நாலு பேரும் பின்னால் வந்தார்கள்.

"வீட்டுல கேஸ அணைச்சீகளான்னு கேட்டேன். பந்தல்குடிக்காரன் மாதிரி ரோட்டயே பாத்துக்கிட்டு வந்தாக, பதில் இல்ல. இப்பப் பாருங்க, என்னா மிடுக்கு!" என்று என் மனைவி சம்பந்தியம்மாவிடம் சொல்வது காதில் விழுந்தது. அவள் பிறந்த ஊர் காரியாபட்டி. பந்தல்குடிக்காரர்கள் மேல் அவளுக்கு என்ன கோபமோ, இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை.

முற்றத்து ஓரத்தில், வயலுக்கு அடிப்பதற்காகக் கண்மாயிலிருந்து கொண்டுவந்த கரம்பை மண் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. பிஸ்டலை எடுத்து அதன் வாயை அந்தக் குவியலைப் பார்க்கத் திருப்பினேன். விரல் டிரிக்கருக்கு வெளியே. அதுவரை எல்லாம் சரி.

கையில் எடுத்த பிறகுதான் அலங்காரம் முழுதாகத் தெரிந்தது. சந்தனம் காய்ந்து சுண்ணாம்புச் சுவர் மாதிரி இறுகியிருந்தது. குழலின் வாயிலும் சந்தனத்தை அடைத்து, அதன்மேல் குங்குமம்.

"இது யாரு வேல?"

"நாந்தான் சம்பந்தி" என்றார் சம்பந்தியம்மா. "பாக்க ஒத்தக்கண்ணு மாதிரி இருந்துச்சு. கண்ணுக்கு மேல பொட்டு வைக்க எடம் பத்தல. அதான் கண்ணுலயே வச்சுட்டேன்."

இப்படி ஒரு வகுப்பு எனக்குப் பணிக்காலத்தில் கிடைத்ததே இல்லை. விடுவேனா? குழல் வாயை அடைத்துக்கொண்டு சுட்டால் குண்டு போக வழியில்லாமல் குழலே வெடிக்கும், பிடித்திருக்கிறவன் விரல் போகும், பக்கத்தில் நிற்கிறவன் கண் போகும் என்று ஆரம்பித்தேன். பிறகு, பிஸ்டலைக் காலி செய்கிற முறை. முதலில் கைப்பிடிக்குள் இருக்கிற மேகசினைக் கழற்ற வேண்டும். அதற்குப் பிறகே மேலே இருக்கிற ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும். முறையை மாற்றினால், இழுக்கும்போது உள்ளே இருந்த தோட்டா வெளியே விழும். விடும்போது மேகசினிலிருந்து இன்னொன்று ஏறி அதே இடத்தில் உட்காரும். முட்டாள் மேகசினைக் கழற்றிவிட்டு, காலி என்று சிரிப்பான். கடைசியாக, தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பார்க்க வேண்டும். கண்ணையும் நம்பக் கூடாது, சுண்டுவிரலை விட்டுத் தடவ வேண்டும்.

சொல்லி முடிக்கப் பத்து நிமிடம். டிரைவர் கொட்டாவி விட்டார். சம்பந்தியம்மா மட்டும் இமைக்காமல் கேட்டார்.

மேகசினைக் கழற்றிக் கொடுத்தேன். சம்பந்தி அதிலிருந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தட்டில் போட்டார். எட்டு. அந்த மேகசினில் எட்டுத்தான் பிடிக்கும். நான் ஸ்லைடைப் பிடித்து இழுத்தேன். காய்ந்த சந்தனம் நறநறத்துக்கொண்டு வந்தது. ஒன்றும் வெளியே விழவில்லை. விட்டேன்.

"காலி" என்று அறிவித்தேன்.

கண்ணால் பார்த்தேனா? இல்லை. மூக்குக்கண்ணாடி காரில் இருந்தது. விரலை விட்டுத் தடவினேனா? இல்லை. விரலெல்லாம் குங்குமமாகும், புதுச் சட்டை வேறு. இவையெல்லாம் நான் பிறகு எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். உண்மையான காரணம், என்னைத் தவிர மற்றவர்களுக்குத்தான் அந்த விதிகள் என்று எனக்குள் எங்கோ ஒரு நினைப்பு.

முறைப்படி கடைசியாக ஒன்று பாக்கி. பத்திரமான பக்கம் பார்த்து டிரிக்கரை ஒரு முறை அழுத்தி, வெறும் சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிஸ்டலைக் கரம்பைக் குவியலுக்கு நேராகப் பிடித்தேன். என் வித்தையைக் கிட்டத்தில் பார்ப்பதற்காகச் சம்பந்தி என் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டினார். நான் டிரிக்கரில் விரலை வைத்தேன்.

"சம்பந்தி, செத்த நில்லுங்க" என்றார் சம்பந்தியம்மா. "கண்ணால பாக்கணுமின்னீக. சுண்டுவெரல விடணுமின்னீக. ரெண்டையும் நீங்க செய்யலயே?"

"மேகசின்ல எட்டு. தட்டுல எட்டு. அப்புறம் என்னம்மா?" என்றேன். கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னேன்.

"எட்டு எப்படி? நான் ஒம்போது தோட்டாவுக்குல்ல பொட்டு வச்சேன்!"



சம்பந்தி என் தோளிலிருந்து தலையை எடுத்துக்கொண்டு, அதைச் சொறிந்தார். "அது வந்து சம்பந்தி... எட்டு ஆகாதுல்ல? நல்ல நாளும் அதுவுமா எட்டா வைக்க மனசு வரல. அதான் ஸ்லைட இழுத்து ஒன்ன உள்ள ஏத்திவிட்டு, மேகசின்ல கொறஞ்ச எடத்துல இன்னொன்னப் போட்டு ஒம்போதாக்கிட்டேன்."

என் விரல் டிரிக்கரை விட்டு எப்போது வெளியே வந்தது என்று எனக்கே தெரியாது. கை மட்டும் கரம்பையைப் பார்த்தபடி மரம் போல நின்றது. "கார்ல கண்ணாடி இருக்கு, எடுத்துட்டு வா" என்றேன் மனைவியிடம். அவள் செருப்பு மாட்டாமல் ஓடினாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்லைடை மறுபடி இழுத்து, அது திரும்பிப் போகாதபடி கொண்டியைப் போட்டு நிறுத்தி, உள்ளே பார்த்தேன். தோட்டா இருந்தது. பித்தளை அடிப்பாகத்தின் நட்ட நடுவில், அளவெடுத்து வைத்ததுபோல ஒரு குங்குமப் பொட்டு. உள்ளறையில் உட்கார வைத்த கல்யாணப் பெண் மாதிரி என்னை நிமிர்ந்து பார்த்தது. ஸ்லைடு பின்னால் வரும்போது தோட்டாவைக் கவ்வி இழுக்க ஒரு சின்னக் கொக்கி உண்டு. அந்தக் கொக்கி சந்தனத்தில் முழுகிக் கிடந்தது. அது தோட்டாவைக் கவ்வவில்லை. தோட்டா இடத்தை விட்டு நகரவில்லை.

அடைத்த குழல். உள்ளே தோட்டா. என் விரல். என் தோளில் சம்பந்தியின் முகம். அதற்கு மேல் நினைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

"தையல் மெஷினுக்குப் போடுற எண்ணெய் இருக்கா?" என்று கேட்டேன். சம்பந்தியம்மா கொண்டுவந்தார். கொக்கியிலும் அறையின் ஓரத்திலும் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்தேன். அந்த ஐந்து நிமிடமும் பிஸ்டலின் வாய் கரம்பையை விட்டு அகலவில்லை. பிறகு ஸ்லைடை மெல்ல முன்னால் விட்டு, பலமாகப் பின்னால் இழுத்தேன். தோட்டா துள்ளிக்கொண்டு வெளியே வந்து, எங்கள் தலைக்கு மேல் ஒரு வளைவு போட்டு, படையலுக்கு வைத்திருந்த பொரிக் குவியலுக்குள் விழுந்து காணாமல் போனது.

"ஏலே, கையப் போட்டுக் கெளறாத, பொரி நொறுங்கும்!" என்று சம்பந்தி கத்த, டிரைவர் கிளற, ஒருவழியாகக் கடலைக்கும் பொரிக்கும் நடுவிலிருந்து அது கிடைத்தது. சம்பந்தியம்மா அதை வாங்கி மற்ற எட்டோடு வைத்தார். "இப்பச் சரி" என்றார்.

நான் அறையைக் கண்ணால் பார்த்தேன். சுண்டுவிரலை விட்டுத் தடவினேன். பிறகு சம்பந்தியம்மாவிடம் நீட்டினேன். அவரும் எட்டிப் பார்த்து, தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, "ஒன்னுமில்ல" என்று தலையாட்டினார். என் மனைவி சம்பந்தியம்மாவின் தோளைத் தட்டினாள்.

"முப்பது வருசமா எத்தன பேருக்குப் பாடம் எடுத்திருப்பாக. இன்னைக்குத்தான் ஒருத்தவுக ஒழுங்காக் காதுல வாங்கியிருக்காக!"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. சம்பந்தி டிராக்டர் டயரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டிரைவர் உட்கார்ந்து சிரித்தார். நான் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

பிறகு பழைய வேட்டித் துணி கேட்டு வாங்கி, பிஸ்டலைப் பிரித்து, குழலிலும் கொக்கியிலும் இருந்த சந்தனத்தை எல்லாம் எடுத்தேன். சம்பந்திக்கு ஒரு மனக்குறை பாக்கி இருந்தது. காலித் துப்பாக்கியைப் படையலில் வைப்பதா என்று தயங்கினார். அதையும் அவர் மனைவியே தீர்த்துவைத்தார்.

"நெறைவுக்கு மரக்கால் நெல்லு இருக்கு. அது போதும். இதுக்கு வெறுமையா இருக்கதுதான் மங்களம். தோட்டாவப் பெட்டியில வச்சுப் பூட்டுங்க."

அப்படியே ஸ்லைடு திறந்தபடி, மேகசின் தனியாக, வாய் கரம்பையைப் பார்க்க, பிஸ்டல் தாம்பாளத்துக்குத் திரும்பியது. பூ தாம்பாளத்துக்கு மட்டும். சந்தனம் எங்கள் நெற்றிக்கு. சூடம் காட்டினார்கள். எண்ணெய் வாசனையோடு சுண்டல் தின்றேன். அவ்வளவு ருசியான சுண்டலை அதற்கு முன்னும் பின்னும் நான் தின்றதில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது யோசித்தேன். பயிற்சி முடிகிற ஒவ்வொரு நாளும் காவலர்கள் வரிசையாக நின்று துப்பாக்கியைத் திறந்து காட்டுவார்கள். நான் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து "சரி" என்பேன். பிறகுதான் கலைந்து போவார்கள். அத்தனை வருடத்தில் என் துப்பாக்கியை வாங்கி எட்டிப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. என் பதவியில் அதுவும் ஒரு சலுகை என்று நினைத்திருந்தேன்.

அதற்கப்புறம் ஒரு தேர்தல் வந்தது. பிஸ்டலை ஒப்படைக்கச் சம்பந்தியோடு காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கே பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த பெண் காவலர் என்னிடம் பயிற்சி எடுத்தவர். நான் திறந்து பார்த்துவிட்டு அவரிடம் நீட்டி, "நீங்களும் ஒரு தடவ பாத்துருங்கம்மா" என்றேன்.

"ஐயா, நீங்க பாத்துட்டீக. அதுக்கு மேல நான் என்னத்தப் பாக்க?"

"நான் பாத்துட்டேன், அதனாலதாம்மா சொல்றேன்."

அவர் சங்கடத்தோடு சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். சம்பந்தி எனக்குப் பின்னால் நின்று, சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வயதும் பட்டமும் பதவியும் நம்மை யாரும் சரிபார்க்காத இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துகின்றன. "செத்த நில்லுங்க" என்று கூசாமல் சொல்ல அங்கேயும் ஒருவர் வாய்த்தால், பத்து விரலோடு வீடு திரும்பலாம்.